லோங்கேவாலா: மணல் சொல்லும் போர்க்கதை

ஜெய்சல்மேரில் இருந்து சுமார் 120 கி.மீ. தொலைவில், தார் பாலைவனத்தில், பாகிஸ்தான் எல்லைக்கு அருகே உள்ளது லோங்கேவாலா. 1971 டிசம்பர் 4-ம் தேதி நள்ளிரவில், 40-க்கும் மேற்பட்ட டாங்கிகளுடன் பாகிஸ்தான் படை இச்சாவடியைத் தாக்கியது. மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி தலைமையில் அங்கிருந்தவர்கள் சுமார் 120 வீரர்களே. இரவில் தாக்கும் வசதி ஜெய்சல்மேரில் இருந்த ஹன்டர் விமானங்களுக்கு இல்லை. விடியும் வரை வீரர்கள் தாக்குப்பிடித்தனர். மணலில் திணறிய டாங்கிகள், பொழுது புலர்ந்ததும் விமானங்களுக்கு எளிய இலக்காயின.

வெற்றியில் பெரும்பங்கு தரைப்படைக்கா, விமானப்படைக்கா என்ற சர்ச்சை பின்னாளில் எழுந்தது. இரவைக் காத்தவர்கள் இல்லையேல் விடியலுக்குப் பயனில்லை. விடியல் இல்லையேல் சாவடியும் இல்லை. சிதைந்த டாங்கிகள் இன்று அங்கு காட்சிப்பொருள்கள். விமானப் பாதுகாப்பின்றிப் படையை அனுப்பியவர்களின் பிழைக்கு உயிரை விலையாகத் தந்தவர்கள், அவற்றினுள் இருந்த சாதாரணச் சிப்பாய்களே.