கை ஏன் ஆடுகிறது?

கை நடுங்கினால் எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: நரம்புத் தளர்ச்சி. உண்மையில் முதுமை, பார்க்கின்சன் நோய், தைராய்டுக் கோளாறு என நடுக்கத்துக்குக் காரணங்கள் பல. மூளையின் ஆழத்தில் வளரும் கட்டியும் அவற்றுள் ஒன்று. அரிதுதான், ஆனால் கவனியாமல் விட்டால் ஆபத்து.

கல்லணையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வரும் நீரைக் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் கொள்ளிடத்துக்கும் அது பிரித்து விடுகிறது. மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள நரம்பணுத் திரள்களும் தலாமஸும் ஏறத்தாழ அத்தகைய மதகுகளே. 'கையைத் தூக்கு' என்னும் கட்டளை பெருமூளைப் புறணியில் பிறக்கிறது. எந்த அசைவை விடுவது, எதைத் தடுப்பது என்பதை இவை ஒழுங்கு செய்கின்றன. மதகு அடைத்துக்கொண்டால் உடல் விறைத்து, அசைவு மந்தமாகும். மதகு உடைந்தால் கை தானாகவே வீசி ஆடும். கட்டி எந்த மதகில் உட்காருகிறதோ அதைப் பொறுத்தது நோயின் தோற்றம். ஆழத்தில் கட்டி உள்ள எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை; பலருக்குத் தலைவலி, வாந்தி, ஒரு பக்கச் செயலிழப்பு இவைதான். ஆட்டம் வந்தால் பெரும்பாலும் கட்டிக்கு எதிர்ப்பக்கக் கை காலில் வரும்.

1893-இல் பாரிஸ் நகரில் பிளாக், மரினெஸ்கோ என்னும் இரு மருத்துவர்கள், ஒரு பக்கம் மட்டும் நடுங்கிய நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்தனர். எதிர்ப்பக்க நடுமூளையில் 'கருநிறப் பொருள்' எனப்படும் பகுதியை ஒரு காசநோய்க் கட்டி அழித்திருந்தது. பார்க்கின்சன் நோயின் இருப்பிடத்தை உலகுக்குச் சுட்டிக் காட்டியது அந்தக் கட்டிதான்.

இனி நம் பக்கத்துச் செய்தி. சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. இராமமூர்த்தி 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மூளை நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். 1960-களில் அவரும் டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் டி. எஸ். கனகா முதலியோரும், தலையில் சட்டம் பொருத்தி அளவெடுத்து, மெல்லிய கருவியை ஆழத்துக்குச் செலுத்தி, ஒரு சிறு புள்ளியை மட்டும் அழித்து நடுக்கத்தை அடக்கினர். கட்டி கண்மூடித்தனமாக அழிக்கும் இடத்தை இவர்கள் மில்லிமீட்டர் கணக்கில் தொட்டார்கள்! இன்று அதே முறையில் ஆழக்கட்டியிலிருந்து துணுக்கெடுத்து, அது புற்றா காசநோயா என்று சோதிக்கிறார்கள்.

அந்த வேறுபாட்டில்தான் உயிர் இருக்கிறது. காசநோய்க் கட்டி, மாதக்கணக்கில் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். அம்மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. ஆகவே தெருவில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டுகிறார்கள். நான் மருத்துவன் அல்லன். ஆயினும் இளவயதில், ஒரு பக்கம் மட்டும், நாளுக்கு நாள் கூடும் நடுக்கமோ கை முறுக்கலோ, கூடவே விடாத தலைவலியோ இருந்தால், மந்திரிப்பதற்கு முன் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்த் தலையை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.