லாரி ஸ்டியரிங்கில் எழும் ஓசை

தறியின் ஓசை சிறிது மாறினாலும் நெசவாளர் தறியை நிறுத்திக் காரணம் தேடுவது வழக்கம். அந்த நிதானம் சங்கத்து லாரிக்கும் அவசியமாகும். பொதட்டூர்ப்பேட்டைத் துணியும் பொன்னேரி நெல்லும் ஏற்றிச் செல்லும் பழைய வண்டிகள், கும்மிடிப்பூண்டி சிப்காட் லாரிகளோடு கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஓடுகின்றன. அங்கே ஸ்டியரிங் கைவிடுமாயின், சரக்கு மட்டுமன்றி ஓட்டுநர் உயிருக்கும் ஆபத்து.

முதலில் ஓட்டுநரை விசாரித்தல் வேண்டும். ஓசை நிற்கும்போது எழுகிறதா, ஓடும்போதா? இடப்புறம் திருப்பும்போதா, வலப்புறமா? மழைக்குப் பின்னர் தோன்றியதா? இவ்விடைகளே பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, என்ஜினை அணைக்க வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் சிறிது ஆட்ட, மற்றொருவர் டிராக் லிங்க், டை ராடு ஆகியவற்றின் மூட்டுகளைக் கவனிக்கட்டும். ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் உடனே அசையாத மூட்டு தேய்ந்த மூட்டாகும். ‘டக்’கென்ற ஓசை பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

திருப்பும்போது ‘கிரீச்’சென்று முனகினால், கிங் பின்னில் கிரீஸ் வற்றியிருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைநீரில் ஓடிய வண்டிகளில் இது சகஜம். முன் அச்சை உயர்த்தித் தாங்கிகளின்மேல் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுக. ஆட்டம் தென்பட்டால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் மறைந்தால் குறை சக்கர பேரிங்கில். மறையாவிடில் கிங் பின்னில்.

என்ஜின் ஓடும்போது மட்டுமே ஓசை கேட்குமாயின், பவர் ஸ்டியரிங்கை ஆராய்க. எண்ணெய் குறைந்தாலும், அதில் காற்றுப் புகுந்து நுரைத்தாலும் பம்பு ஊளையிடும். பெல்ட்டால் ஓடும் பம்பாயின், தளர்ந்த பெல்ட்டும் கீச்சிடும். முழுவதும் திருப்பிய நிலையில் சிறிது சீறுவது இயல்பு. ஆனால் சில விநாடிகளுக்கு மேல் அந்நிலையில் பிடித்திருத்தல் பம்புக்குக் கேடு.

கிரீஸிட்டவுடன் முனகல் அடங்குமாயின் செலவு சொற்பமே. ஆயினும் ஆட்டத்தை கிரீஸ் மறைக்குமேயன்றித் தீர்க்காது. மூட்டு தேய்ந்தது எனத் தெரிந்தபின், சந்தை நாள் தவறுகிறதென்று பாரம் ஏற்றி அனுப்புதல் தகாது. ஒரு மூட்டு கழன்றாலும் சக்கரங்கள் ஓட்டுநர் சொற்படி திரும்பா.

ஆதலின், ஓட்டுநர் கேட்ட ஓசையை அன்றே வண்டிப் புத்தகத்தில் எழுதுவதையும், நிர்வாகக் குழு அதனைப் படிப்பதையும் ஒவ்வொரு சங்கமும் வழக்கமாக்குதல் நன்று. ஓசையைச் சொன்ன ஓட்டுநரைக் கடிந்துகொண்டால், மறுமுறை அவர் சொல்லமாட்டார். ஒரு நாள் வாடகை நஷ்டத்தைச் சங்கம் தாங்கும். ஓர் உயிரின் நஷ்டத்தை எந்தச் சங்கமும் ஈடுசெய்ய இயலாது.