‘என்ன வேலை பார்க்கிறீங்க?’: டாக்டராக விரும்பும் பிள்ளைகளுக்கு

மூன்று மாதமாக இருமல் என்று ஓர் அம்மா விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து இருக்கும். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. வெளியே வரிசை நீளமாக நிற்கிறது. மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம். அந்த டாக்டர் அனுப்பவில்லை.

“என்ன வேலைம்மா பார்க்கிறீங்க?”

“செராமிக் பட்டறைங்க.”

“அங்க என்ன பண்ணுவீங்க?”

“காஞ்ச விளக்கை எடுத்துப் பிசிறு சுரண்டி விடுவேங்க. இருபது வருசமா அதான்.”

இந்த ஊரின் அகல் விளக்கும் கொலு பொம்மையும் மின்சார ஃபியூஸ் கட்டையும் எங்கெங்கோ போகின்றன. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த விளக்கின் ஓரத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். கத்தியால் அதைச் சுரண்டும்போது மாவு போலப் பறக்கும். கண்ணுக்குத் தெரியும் தூள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியே வந்துவிடும். ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத துகளில்தான் இருக்கிறது. பீங்கான் கலவையில் களிமண்ணோடு குவார்ட்ஸ் கல்லின் பொடியும் சேர்கிறது. அது படிக வடிவச் சிலிக்கா. அதன் மிக நுண்ணிய துகள் நுரையீரலின் கடைசிக் காற்றுப் பை வரை போய்விடும். அங்கே காவல் இருக்கும் செல்கள் அதை விழுங்கும், செரிக்க முடியாமல் செத்துப்போகும். செத்த இடத்தில் தழும்பு விழும். தழும்பு விழுந்த நுரையீரல் விரியாது. இதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். பெரும்பாலும் பத்து வருடத்துக்கும் மேல் தூசியில் வேலை பார்த்த பிறகே வெளியே தெரியும். விழுந்த தழும்பை மாற்ற மருந்து கிடையாது. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் அது கூட்டிவிடும். பீங்கான் சூளை இருக்கும் எந்த ஊர் டாக்டரும் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் இது ‘நாள்பட்ட இருமல்’ என்றே சீட்டில் நின்றிருக்கும். நோயாளியிடம் அவர் தொழில் என்ன என்று கேளுங்கள் என்று மருத்துவர்களுக்கு எழுதிவைத்தவர் இத்தாலியின் பெர்னார்தினோ ராமாத்சினி. தொழிலாளர் நோய்கள் பற்றி அவர் 1700-இல் வெளியிட்ட நூலில் குயவர்களும் வருகிறார்கள். அன்றைய குயவர்களை வாட்டியது மெருகுப் பூச்சில் கலந்த ஈயம். முந்நூறு வருடம் கழித்தும் அவசரத்தில் விட்டுப்போவது அதே கேள்விதான்.

மருத்துவம் படிக்கலாமா என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் இந்தப் பேச்சு மதிப்பெண்ணில் தொடங்கி மதிப்பெண்ணிலேயே முடிந்துவிடுகிறது. மதிப்பெண் நுழைவாயில் மட்டும்தான். உள்ளே போனபின் செய்ய வேண்டிய வேலை, முன்பின் தெரியாதவர்களிடம் பொறுமையாகக் கேட்பதும், அவர்கள் சொல்வதை நம்பிக் குறித்துக்கொள்வதும். அது பிடிக்குமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

நுழைவாயிலையும் பார்த்துவிடுவோம். நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். பாதி உயிரியல், மீதியை இயற்பியலும் வேதியியலும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. சரியான விடைக்கு 4, தவறினால் 1 குறையும். அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போக, மீதி 85 சதவீதத்தை மாநிலக் கலந்தாய்வு நிரப்புகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020-இல் வந்த சட்டம் இது. இதில் இடம் கிடைத்தால் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் இதை அறியாத பெற்றோர் இன்னும் இருக்கலாம். தெரிந்தவர்கள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கல்லூரி தேடித் தொலைதூரம் போக வேண்டிய நிலையும் மாறியிருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் 1985-இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் கட்டணம் மிக அதிகம் என்று மாணவர்கள் போராடினார்கள். அதன்பின் அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. விழுப்புரத்துக்கு முண்டியம்பாக்கத்தில் ஒன்று இருக்கிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் கள்ளக்குறிச்சியும் அரியலூரும் உண்டு.

எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை வருடம். அதன்மேல் ஒரு வருடம் பயிற்சி மருத்துவர். முதல் வருடம் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளை திணறுவது இங்கேதான். பாடத்தைவிட ஆங்கிலம்தான் அழுத்தும். சில மாதங்களில் அது பழகிவிடும், பயந்து பின்வாங்க வேண்டாம். பிறகு நோயியலும் மருந்தியலும் வரும், வார்டில் நோயாளி அருகே நிற்கும் நாட்கள் வரும். சமூக மருத்துவம் என்ற பாடத்தைப் பலர் தேர்வுக்காக மட்டும் புரட்டுகிறார்கள். நான் சொன்ன சிலிக்கோசிஸ் அந்தப் பாடத்திலும் இருக்கிறது. அதை ஊன்றிப் படியுங்கள்.

பயிற்சி வருடத்தில் இரவுப் பணி உண்டு, சாப்பாடு நேரத்துக்கு இருக்காது. அதன்பின் எம்.டி., எம்.எஸ். என்றால் இன்னொரு நுழைவுத் தேர்வும் மூன்று வருடமும். இதய நோய், நரம்பியல் போன்றவற்றுக்கு மேலும் மூன்று. பதினெட்டு வயதில் தொடங்குபவர் முழு நிபுணராக முப்பதைத் தொட்டுவிடுவார். கூடப் படித்தவர்கள் அதற்குள் சம்பாதித்து வீடு கட்டியிருப்பார்கள். இதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

இடம் கிடைக்காவிட்டால் நிலத்தை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கும் நீட் தேர்ச்சி வேண்டும். திரும்பி வந்து இந்தியாவில் தகுதித் தேர்வு எழுதித் தேறிய பிறகே பதிவு கிடைக்கும். ஏஜென்ட் இதை அழுத்திச் சொல்வதில்லை.

டாக்டர் ஒருவரால் மட்டும் மருத்துவம் நடப்பதும் இல்லை. அந்த அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுப்பவர் ரேடியோகிராபர். மூச்சு அளவைக் குறிப்பவர் டெக்னீஷியன். ஊசியும் ஆறுதலும் தருபவர் நர்ஸ். இந்தப் படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கலந்தாய்வு நடந்துவருகிறது. இதை ‘டாக்டர் கிடைக்காததால்’ எடுத்த படிப்பு என்று யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

எக்ஸ்ரே வந்துவிட்டது. இரண்டு நுரையீரலிலும் மேல்பக்கம் சிறு சிறு புள்ளிகள். சட்டப்படி அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் சிலிக்கோசிஸ் இருக்கிறது. தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவருக்கு அது இருப்பதாகக் கண்டால், சிகிச்சை தரும் டாக்டர் அதற்கான அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கடிதம் போனால் ஆய்வு நடக்க வழி பிறக்கும். காய்ந்தபின் சுரண்டாமல் ஈரப்பதத்திலேயே சீவலாம். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கலாம். தூசியை இழுக்கும் மின்விசிறி வைக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டும் மற்ற பெண்களுக்கும் அது காப்பு.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, மெதுவாக விளக்குகிறார். அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்கிறார்: “அப்ப நாளைக்கு வேலைக்குப் போகலாமா, வேணாமா டாக்டர்?”

கார்த்திகை நெருங்குகிறது, பட்டறையில் கூலி நன்றாகக் கிடைக்கும் மாதம். டாக்டர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், தூசி இல்லாத வேறு பிரிவில் வேலை தருவார்களா என்று விசாரிக்கத் தொடங்குகிறார்.