டிஜிட்டல் கேமரா தேர்வு

டிஜிட்டல் கேமரா வாங்கும் தொடக்கநிலையினர் முதலில் பார்க்க வேண்டியது மெகாபிக்சல் எண்ணிக்கை அன்று. எதைப் படமெடுக்கப் போகிறோம் என்பதே. 12 மெகாபிக்சல் படமே (4000 × 3000 படப்புள்ளிகள்) ஏ4 தாளில் தெளிவாக அச்சாகும்.

விழுப்புரம் மாவட்டத்தின் இரண்டு இடங்கள் இதை விளக்கும். செஞ்சிக் கோட்டையின் மலையையும் மதிலையும் ஒரே படத்தில் அடக்க, பல கேமராக்களுடன் சேர்த்து விற்கப்படும் 18-55 மி.மீ. லென்ஸ் போதும். திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் அருகிலுள்ள கழுவெளி பறவைகள் சரணாலயத்தில் தொலைவில் நிற்கும் பறவையை எடுக்க 300 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ் வேண்டும். டிஜிட்டல் ஜூம் இதற்கு ஈடாகாது. படத்தின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதால் தெளிவு குறையும்.

ஆகவே, லென்ஸ் மாற்றக்கூடிய எளிய கேமராவை வாங்கி, மீதிப் பணத்தைத் தேவையான லென்ஸுக்கு ஒதுக்குவது நல்லது.