கடலாடும் காலம்

மார்கழி மாதத்து விடியற்காலையில் திருவொற்றியூர்க் கடற்கரையில் நின்றவர்கள் இந்த வேடிக்கையைப் பார்த்திருக்கலாம். பட்டினத்தடிகள் சமாதிப் பக்கமிருந்து போர்வையும் நடுக்கமுமாக ஒரு பெரியவர் வருகிறார். பாறைக் கற்களுக்கு நடுவே கொஞ்சம் மணல் தங்கியிருக்கும் இடமாகப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு அலையில் கால் வைக்கிறார். வைத்ததும், "அடடா, வெந்நீராக அல்லவா இருக்கிறது!" என்று ஆச்சரியப்படுகிறார். அதே பெரியவர் அக்கினி நட்சத்திரத்து நண்பகலில் வந்து கால் நனைத்துவிட்டு, "என்ன குளிர்ச்சி!" என்கிறார்.

இரண்டு தடவையும் அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் இரண்டு தடவையும் அவர் சொன்னது தவறு. நமது கடல் மிகவும் குளிர்ந்திருப்பது மார்கழி, தை மாதங்களிலேதான். அப்போது மேல்நீரின் உஷ்ணம் சுமார் 26, 27 டிகிரி சென்டிகிரேடு. மிகவும் சூடாக இருப்பது சித்திரை, வைகாசியில். அப்போது ஏறக்குறைய 30 டிகிரி. பெரியவருடைய கால் கடலின் உஷ்ணத்தை அளக்கவில்லை. கடலுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தையே அளந்தது. மார்கழி விடியலில் காற்று 20 டிகிரிக்கு இறங்கிவிடும். அக்கினி நட்சத்திரத்தில் அது 40-ஐத் தொடும். இத்தனை ஏற்றத் தாழ்விலும் கடல் மூன்று நான்கு டிகிரிக்கு மேல் அசைந்து கொடுப்பதில்லை.

இதன் ரகசியம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்தவுடன் கை சுடுகிறது. தண்ணீர்ப் பானையோ சாவகாசமாகத்தான் சூடேறும். ஒரே எடையுள்ள இரும்பைவிடத் தண்ணீருக்குச் சுமார் ஒன்பது மடங்கு அதிக உஷ்ணம் வேண்டியிருக்கிறது. ஒரு பானைக்கே இப்படியென்றால் வங்காள விரிகுடாவைப் பற்றிக் கேட்பானேன்!

ஆனால் கடலில் இறங்க நினைப்பவர்களுக்கு உஷ்ணமானி மட்டும் போதாது. நீரோட்டத்தையும் அறிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நமது கரையை ஒட்டி ஒரு பெரிய ஓட்டம் வடக்கிலிருந்து தெற்கே வருகிறது. கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணை ஆகிய நதிகள் மழைக்காலத்தில் கொட்டிய நீரையும் அது சுமந்து வருவதால், அப்போது கடலில் உப்புச் சற்றுக் குறைந்திருக்கும். காசிக்குப் போக வசதியில்லாதவர்கள் கங்கையே ராயபுரத்துக்கு வந்துவிட்டாள் என்று திருப்தியடையலாம். எனினும், அந்த மாதங்களில் அவளைக் கரையில் நின்று கும்பிடுவதே நலம். புயலும் பேரலையும் அவளுடன் சேர்ந்தே வருகின்றன. மாசிக்குள் அந்த ஓட்டம் திசை திரும்பி, தெற்கிலிருந்து வடக்கே செல்லத் தொடங்கிவிடுகிறது. காற்றும் தணிகிறது. மாசி மகத்துக்குக் கடலாட வேண்டும் என்று ஏற்படுத்திய நம் முன்னோர், உஷ்ணமானியைக் கண்டதில்லை, கடலைக் கண்டிருந்தார்கள்.

ஆனி, ஆடியில் இன்னொரு விந்தை உண்டு. தென்மேற்குக் காற்று கரையோரமாக வீசும்போது, பூமியின் சுழற்சி காரணமாக மேல்நீர் வலப்புறம், அதாவது ஆழ்கடல் பக்கம் விலகுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் எழும்புகிறது. நகரம் கொதித்துக்கொண்டிருக்கையில் கடல் மட்டும் சில நாட்கள் திடீரென்று சில்லிட்டுப்போவது இதனால்தான்.

இவ்வளவும் இயற்கையின் ஏற்பாடு. மனிதனின் ஏற்பாடு 1876-ஆம் ஆண்டில் தொடங்கியது. சென்னைத் துறைமுகத்துக்காக அந்த ஆண்டு கடலுக்குள் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். 1881 நவம்பர்ப் புயல் அதை இடித்துத் தள்ளியும், விடாமல் மீண்டும் கட்டினார்கள். வருஷத்தின் பெரும் பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. சுவர் அதை வழிமறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரீனா அகன்றது. வடக்கே மணலுக்குப் பஞ்சம் வந்து, ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையை அரிக்கத் தலைப்பட்டது. பட்டணத்தின் தென்பாதி மாலைக் காற்று வாங்குவதற்கு வடபாதி கொடுத்த விலை அது. எஞ்சிய வீடுகளையும் சாலையையும் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். கடலுக்குள் நீளும் கல் அணைகளையும் பின்னர் கட்டினார்கள். அவை வேண்டியவையே. எனினும் கற்கள் இருக்கும் இடத்தில் குளிக்க இறங்க முடியாது. பாசி வழுக்குகிறது, மோதித் திரும்பும் அலை காலை வாருகிறது, கல் அணையின் ஓரமாகவே நீர் உள்நோக்கி இழுக்கிறது.

பள்ளி ஆசிரியராகிய நமக்கு ஏப்ரல் மாதம் பிறந்தாலே ஒரு திகில். கடைசிப் பரீட்சை முடிந்த அன்று பையன்கள் நேரே கடலுக்குத்தான் ஓடுகிறார்கள். ஒரு வருஷம், விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, நமது வகுப்பில் ஒரு பெயரைப் படிக்காமல் தாண்டிச் சென்றோம். ஆதலால் இப்போதெல்லாம் பரீட்சைக்கு முன்னால் ஒரு மணி நேரம் பாடத்தை நிறுத்திவிட்டு இதைச் சொல்கிறோம்: நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதே, களைத்துப் போவாய். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்து; அந்த இழுப்பு அகலத்தில் குறுகியது, வெளியே வந்துவிடலாம். கல் அணையின் அருகே மட்டும் இறங்கவே இறங்காதே. அங்கே ஒரு பக்கம் வழியே இல்லை. நீந்தத் தெரியாத பையனுக்கு இந்த உபதேசத்தால் என்ன பயன் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நீச்சல் பழகுவதற்கு அலையில்லாத நீர் வேண்டும். வடசென்னைப் பையன்களுக்கு அருகில் இருப்பது எண்ணூர்க் கழிமுகம்.

அங்கே வந்து சேரும் கொசஸ்தலையாற்றின் குறுக்கேதான் பூண்டி நீர்த்தேக்கம் இருக்கிறது. சென்னை மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தி, 1944-இல் அது திறக்கப்பட்டதைக் காணாமல் முந்திய ஆண்டே காலமானார். நகரின் தாகம் தீர்ந்தது. ஆனால் மழைக்காலத்து உபரி நீரைத் தவிர, ஆற்று நீர் எண்ணூரை எட்டுவது அரிதாயிற்று. வேறொரு நீர் எட்டுகிறது. வடசென்னை அனல் மின் நிலையம், இயந்திரங்களைக் குளிர்விக்கக் கடல்நீரை எடுத்து, சூடாக்கி வெளியே விடுகிறது. அது கழிமுகத்தில் கலக்கிறது. பழைய நிலையங்களில் உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கலாகாது என்பது 1998-ஆம் ஆண்டின் அரசாங்க விதி. கடலே 30 டிகிரியாக இருக்கும் வைகாசியில், அந்தப் பத்தைக் கூட்டிப் பாருங்கள். தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் பிராணவாயு குறையும். நல்ல தண்ணீரிலேயே 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது 35 டிகிரியில் 7 ஆகிவிடுகிறது. இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பவர்கள் இதைக் கணக்குப் போடாமலே அறிவார்கள். போதாக்குறைக்கு, குழாய்களிலிருந்து கசிந்த நிலக்கரிச் சாம்பலும் அடியில் படிந்து கிடக்கிறது.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், எண்ணூர் ரயில் பாலத்தின் அருகே நின்றிருந்தோம். கழுத்தளவு நீரில் நான்கு தலைகள் மிதந்தன. நம்மைக் கண்டதும் நான்கும் முழுகின. மூச்சு முட்டியதும் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன. நமது மாணாக்கர்கள்தாம். "கடல் அவ்வளவு கிட்டத்தில் இருக்கையில் இங்கே ஏனடா?" என்று கேட்டோம்.

"அங்கே எல்லாம் கல்லு, சார். இங்கே தண்ணி வெதுவெதுன்னு இருக்குது, கீழேயும் மெத்து மெத்துன்னு இருக்குது" என்றான் ஒருவன்.