லீவுக்குக் காத்திருக்காத கட்டி

மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததால்தான் தள்ளிப்போடுகிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் அதற்கு ஒரு தவணையும் கிடைத்துவிடுகிறது: “மக லீவுக்கு வரட்டும், பாத்துக்கலாம்.” 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வெளிநாடுகளில் வாழும் கேரளத்தவர் சுமார் 22 லட்சம் பேர், அவர்களில் 19.1 சதவீதம் பெண்கள். தனக்கே கட்டி தட்டுப்பட்டாலும் ஊருக்குப் போய்க் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிற பெண்களும் உண்டு.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981-ல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையத்தை, நாகர்கோவில், மார்த்தாண்டம் வரை ஆர்.சி.சி. என்றால்தான் தெரியும். 2006-ல் இந்த மையத்தின் சார்பில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 30 முதல் 69 வயது வரையுள்ள 1,15,652 பெண்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பகுதி வார்டுகளில் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். 2011-ல் வந்த இடைக்கால முடிவில், தொடக்க நிலையிலேயே பிடிபட்ட புற்றுநோய் அந்த வார்டுகளில் லட்சம் பெண்களுக்கு 18.8, மற்ற வார்டுகளில் 8.1. அதே ஆய்வில் கைக்குத் தப்பிய புற்றுநோய்களும் கிட்டத்தட்ட பாதி. ஆகவே, தடவிப் பார்த்து “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டாலும், கட்டி இருந்துகொண்டே இருந்தால் ஸ்கேன் வேண்டும். தேவைப்பட்டால் பயாப்ஸி வேண்டும். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற பயம் வீண்பயம்.

மருத்துவரிடம் முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் இன்னதென்று உறுதியாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. ஆண்டுக்கு ஒருமுறை வரும் லீவு இதற்குள் அடங்காது.

நோயைப் பிள்ளைகளிடம் மறைப்பதால் வரும் கேடு இன்னொன்று. வீடியோ காலில் முகம்தான் தெரியும். கீமோவில் முடி கொட்டினாலும் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, “சளிம்மா, வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிடலாம். பிள்ளை அங்கே தனியாகக் கிடந்து தவிக்கக்கூடாது என்ற பாசம்தான். ஆனால் தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இந்நோய் வந்திருந்தால் ஒரு பெண்ணுக்கு உள்ள ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. அம்மாவுக்கு 45 வயதில் வந்திருந்தால், மகள் 35-லேயே பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். பரம்பரை மரபணு மாற்றம் தகப்பன் வழியாகவும் வரும். அத்தைக்கு வந்ததையும் சொல்ல வேண்டும். பயாப்ஸி அறிக்கையைப் படமெடுத்து மகளுக்கு அனுப்புங்கள். அம்மாவுக்கு எந்த வயதில், எந்த வகை என்று அங்குள்ள மருத்துவர் கேட்டால் அவளிடம் பதில் இருக்கும்.