கண்ணுக்கு மருந்து எழுதும் உரிமை யாருக்கு?

பால்மரம் சீவுவோருக்குக் கத்தி எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை நல்ல பார்வை. விடியுமுன் தலைவிளக்கின் ஒளியில் பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவது என்று அளந்து சொல்வது கண்தான். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலாகப் போனால் பால் குறையும்.

இத்தகைய கண்ணில் சிவப்போ உறுத்தலோ ஏற்பட்டால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? அடுத்த வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்துப் புட்டியைக் கேட்டு வாங்குகிறோம். அல்லது பட்டணத்துக் கண்ணாடிக் கடைக்குச் சென்று, “கண்ணுக்கு ஏதாவது மருந்து கொடுங்கள்” என்று கேட்கிறோம். அங்குள்ளவர் மறுத்துவிட்டால் மனத்தாங்கல் கொள்கிறோம். “கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுக்கத் தெரிந்தவருக்கு மருந்து கொடுக்கத் தெரியாதா?” என்று கேட்கிறோம். இது நியாயமான கேள்வியே. அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நால்வரும் அவர்தம் பணிகளும்

கண் தொடர்பான பணியில் நாம் பெரும்பாலும் நால்வரைச் சந்திக்கிறோம். அவர்களை வேறுபடுத்தி அறிந்துகொள்ளுதல் நலம்.

முதலாமவர் ‘ஆப்டிஷியன்’ எனப்படும் கண்ணாடி வல்லுநர். எழுதிக் கொடுக்கப்பட்ட அளவுக்கு ஏற்பக் கண்ணாடியைத் தயாரித்து முகத்திற்குப் பொருத்துவது இவர் பணி. இவர்களுள் சிலர் பார்வையின் அளவைப் பார்க்கவும் பதிவு பெற்றவர்கள்.

இரண்டாமவர் ‘ஆப்டோமெட்ரிஸ்ட்’ எனப்படும் பார்வை வல்லுநர். இவர் பல்கலைக்கழகத்தில் கண்ணைப் பற்றியே கற்றுப் பட்டம் பெற்றவர். பார்வைக் குறையை அளப்பதோடு, கண்ணில் நோயின் அறிகுறி உண்டா என்பதையும் கண்டறிந்து, உரிய மருத்துவரிடம் அனுப்பி வைப்பவர். நம் அரசாங்க மருத்துவமனைகளின் கண் பிரிவுகளிலும் இவர்கள் பணிபுரிகின்றனர்.

மூன்றாமவர் கண் மருத்துவ நிபுணர். இவர் முதலில் பொது மருத்துவராகப் பட்டம் பெற்று, பின்னர் கண் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதுவதும் அறுவை சிகிச்சை செய்வதும் இவர் பணி.

நான்காமவர் மருந்தாளர். மருத்துவர் எழுதிய மருந்தை அளந்து கொடுத்து, அதைப் பயன்படுத்தும் முறையை விளக்குபவர் இவரே.

நம் கேள்வி இவர்களுள் இரண்டாமவரைப் பற்றியது. கண்ணை இவ்வளவு நன்கு அறிந்த பார்வை வல்லுநர் ஏன் மருந்து எழுதுவதில்லை? இதற்கு விடை காண, சொட்டு மருந்தின் வலிமையை முதலில் அறிய வேண்டும்.

ஒரு சொட்டின் வலிமை

கண்ணில் விடும் சொட்டு கண்ணோடு நின்றுவிடும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. கண்ணின் ஓரத்திலிருந்து மூக்கிற்குச் செல்லும் நுண்ணிய கண்ணீர்க் குழாய் ஒன்று உண்டு. சொட்டின் ஒரு பகுதி அவ்வழியே இறங்கி இரத்தத்தில் கலந்துவிடுகிறது. ‘கிளௌக்கோமா’ எனப்படும் கண் நீரழுத்த நோய்க்குத் தரப்படும் டிமோலால் என்னும் சொட்டு இதற்கு நல்ல உதாரணம். கண்ணின் அழுத்தத்தைக் குறைக்கும் அச்சொட்டு, ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடும். இதயத் துடிப்பையும் மந்தமாக்கக்கூடும். ஆகவே, அதை எழுதுபவர் நோயாளியின் நெஞ்சையும் இதயத்தையும் பற்றிக் கேட்டறியும் அறிவு பெற்றிருக்க வேண்டும்.

ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து இன்னும் கவனத்திற்குரியது. அதை விட்ட சிறிது நேரத்தில் சிவப்பு மறைந்து, கண் தெளிவாகத் தோன்றும். அதனாலேயே பலர் அதை விரும்புகின்றனர். ஆனால், வாரக்கணக்கில் தொடர்ந்து விட்டால் சிலருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் உயரும். வலி எதுவுமின்றியே பார்வை நரம்பு கெட்டுப்போகும். கண்புரை விரைந்து வளர்வதும் உண்டு.

தோட்டப்புற மக்களாகிய நமக்கு இதில் தனியான ஆபத்தும் இருக்கிறது. குச்சியோ இலையோ பட்டையின் துணுக்கோ கண்ணின் கருவிழியைக் கீறும்போது, செடிகொடிகளில் வாழும் காளான் கிருமி அக்கீறலில் குடிபுகக்கூடும். நம்முடையது போன்ற வெப்ப நாடுகளில் இது அரிதன்று. காளான் பற்றிய கண்ணில் ஸ்டீராய்டுச் சொட்டை விட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி அவ்விடத்தில் தளர்ந்து, புண் ஆழமாகப் பரவும். சிவப்பு குறைவதைக் கண்டு நோய் தீர்கிறது என்று நாம் மகிழ்ந்திருக்க, உள்ளே கருவிழி அழிந்துகொண்டிருக்கும். வெளிப் பார்வைக்கு இரண்டு சிவந்த கண்களும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்கு அந்த மருந்து நன்மை. மற்றதற்கு அதுவே கேடு. இவ்வேறுபாட்டைக் கண்டறியும் பயிற்சி பெற்றவர் என்பதற்கு அளிக்கப்படும் உறுதிமொழியே சான்றிதழ் ஆகும்.

பிற நாடுகளின் சான்றிதழ் முறை

சில நாடுகளில் பார்வை வல்லுநர்களும் கண் நோய்க்கு மருந்து எழுதுகின்றனர். ஆனால் அவ்வுரிமை அங்கும் எளிதில் கிடைத்துவிடவில்லை.

அமெரிக்காவில் இவ்வுரிமையைச் சட்டத்தின் மூலம் வழங்கிய முதல் மாநிலம் மேற்கு வெர்ஜினியா. ஆண்டு 1976. கண் மருத்துவர்கள் பலர் இதனை எதிர்த்தனர். மருத்துவப் பட்டம் பெறாதவர் மருந்து எழுதினால் நோயாளிக்குத் தீங்கு நேரலாம் என்பது அவர்கள் வாதம். நிபுணர் நெடுந்தொலைவில் இருக்கும் சிற்றூர்களில் வாழும் மக்கள் சிகிச்சையின்றித் தவிக்கின்றனர் என்பது பார்வை வல்லுநர்களின் வாதம். இரண்டிலும் உண்மை இருந்தது. முடிவில் மாநிலங்கள் ஒவ்வொன்றாக, ‘உரிமை உண்டு, ஆனால் பயிற்சியும் தேர்வும் முன்னே வர வேண்டும்’ என்ற நடுவழியைத் தேர்ந்தன. 1998ஆம் ஆண்டிற்குள் ஐம்பது மாநிலங்களிலும் ஏதேனும் ஓர் அளவில் இவ்வுரிமை வழங்கப்பட்டிருந்தது.

அந்த நடுவழி எத்தகையது என்பதற்குக் கலிபோர்னியா மாநிலத்தின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்ப்போம். பழைய பாடத்திட்டத்தில் பட்டம் பெற்று, ஏற்கெனவே தொழில் செய்துவந்த பார்வை வல்லுநர்களும் மீண்டும் மாணவர்களாக வேண்டியிருந்தது. கண் நோய்களையும் அவற்றிற்குரிய மருந்துகளையும் பற்றிக் குறைந்தது 80 மணி நேர வகுப்பு. 20 மணி நேரச் சுயகல்வி. மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்த்துக் கற்கும் 65 மணி நேரச் செய்முறைப் பயிற்சி. இவற்றோடு தேசிய அளவிலான கண் நோய்ச் சிகிச்சைத் தேர்வில் வெற்றி. இவை அனைத்தும் நிறைவேறிய பின்னரே சான்றிதழ் வழங்கப்பட்டது. அது பெற்றவரும் கண் நீரழுத்த நோய்க்கு மருந்து எழுத உடனே அனுமதிக்கப்படவில்லை. அதற்குப் பின்னாளில் தனிப் பயிற்சியும் தனிச் சான்றும் விதிக்கப்பட்டன. சான்றிதழ் பெற்றவர் அத்துடன் ஓய்ந்துவிடவும் இயலாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை 50 மணி நேரத் தொடர்கல்வி பெற வேண்டும். அதில் 35 மணி நேரம் கண் நோய்களைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

பிரிட்டனில் 2008ஆம் ஆண்டு முதல், தகுதி பெற்ற பார்வை வல்லுநர் தாமே மருந்து எழுதச் சட்டம் இடமளித்தது. பட்டம் பெற்றுப் பதிவு செய்தபின், மருந்தியல் பற்றிய மேற்படிப்பை முடிக்க வேண்டும். அனுபவம் மிக்க ஒருவரின் மேற்பார்வையில் நோயாளிகளிடையே பயிற்சி பெற வேண்டும். அதன் பின்னரே பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே அச்சிறப்புத் தகுதி குறிக்கப்படும். அப்போதும் கண்ணைச் சார்ந்த நோய்களுக்கு மட்டும், தம் திறமைக்கு உட்பட்ட அளவில் மட்டுமே அவர் எழுதலாம். ஊசி மருந்துகளும், கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட போதை மருந்துகளும் அவர் உரிமைக்குள் அடங்கா.

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 1996ஆம் ஆண்டில் இதற்கு வழிவகுத்தது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இப்போது அந்நாட்டில் 2014 டிசம்பருக்குப் பிறகு புதிதாகப் பொதுப் பதிவு பெறுவோர், மருந்து எழுதுவதற்கான தகுதியையும் சேர்த்தே பெற்றிருக்க வேண்டும் என்பது விதி.

இந்த மூன்று நாடுகளுக்கும் பொதுவான முறை ஒன்றுண்டு. முதலில் கல்வி, அடுத்து மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி, பின்னர் மதிப்பீடு, அதன்பின் பதிவு. உரிமை கடைசியில்தான் வருகிறது.

நம் நாட்டின் நிலை

மலேசியாவில் கண்ணாடி வல்லுநர்களும் பார்வை வல்லுநர்களும் 1991ஆம் ஆண்டின் ஆப்டிகல் சட்டத்தின்கீழ் மலேசிய ஆப்டிகல் மன்றத்தில் பதிவு பெற வேண்டும். ஆண்டுதோறும் தொழில் சான்றிதழையும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பார்வை வல்லுநர்க்கான நான்காண்டுப் பட்டப்படிப்பு உள்நாட்டிலேயே உண்டு. மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1980களிலேயே அதைத் தொடங்கியது.

ஆனால் மருந்துகளைப் பொறுத்தவரை வேறொரு சட்டம் இருக்கிறது. அது 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம். வலிமை மிக்க மருந்துகளைச் சீட்டில் எழுதும் உரிமையை, மனிதர்களுக்கான சிகிச்சையில் பதிவு பெற்ற மருத்துவர்களுக்கும் பல் மருத்துவர்களுக்குமே அச்சட்டம் வழங்குகிறது. பார்வை வல்லுநர்கள் அப்பட்டியலில் இல்லை. ஸ்டீராய்டுச் சொட்டு அத்தகைய மருந்துகளுள் ஒன்று. எனவே, கண்ணாடிக் கடையில் உள்ளவர் “இதற்கு மருத்துவரைப் பாருங்கள்” என்று சொல்வாரேயானால், அவர் நம்மைத் தட்டிக்கழிக்கவில்லை. சட்டத்தையும் நம் கண்ணையும் ஒருசேரக் காக்கிறார். மாறாக, சீட்டு எதுவுமின்றி மேசைக்கு அடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து நீட்டுபவரிடமே நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பார்வை வல்லுநரிடம் செல்வதால் பயனில்லை என்று இதற்குப் பொருளன்று. நாற்பது வயதைக் கடந்தோரும், நீரிழிவு நோய் உள்ளோரும், குடும்பத்தில் கண் நீரழுத்த நோய் உடையோரும் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது. வலியில்லாமல் வளரும் நோயை முதலில் காண்பவர் பல வேளைகளில் பார்வை வல்லுநரே. அவர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாமல், மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டியது நம் கடமை.

தோட்டத்தில் நாம் செய்ய வேண்டியவை

பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமோ, பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவோ கண்ணில் தெறித்தால், மருந்தைத் தேடி ஓடுவது தவறு. அந்த நொடியே சுத்தமான தண்ணீரால் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவ வேண்டும். குறைந்தது இருபது நிமிடம் கழுவிய பின்னரே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். இவற்றுள் அம்மோனியாவே கண்ணை மேலும் ஆழமாக அரிக்கும். அதில் சிறிதும் தாமதம் கூடாது.

குச்சியோ இலையோ கீறினால் கண்ணைக் கசக்கக் கூடாது. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு முதலியவற்றை விடுதலும் கூடாது. நம் முன்னோர் அன்போடு செய்த வைத்தியமே எனினும், காயம்பட்ட கருவிழியில் அவை கிருமிகளைச் சேர்த்துவிடும். வலி, வெளிச்சத்தைக் காணக் கூசுதல், பார்வை மங்குதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். மறுநாள் பிரட்டு முடிந்து போகலாம் என்று ஒத்திப்போட வேண்டாம்.

வேலையின்போது கண்ணில் அடிபட்டால் மண்டோரிடமும் தோட்ட அலுவலகத்திலும் உடனே தெரிவித்துப் பதிவு செய்யுங்கள். வேலையில் நேரும் காயத்திற்கு 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், சொக்சோவின் வழியாக உதவி பெற உரிமை உண்டு. காலத்தோடு பெற்ற மருத்துவச் சான்று அப்போது துணைநிற்கும்.

மருத்துவர் எழுதிய சொட்டு மருந்து அவர் எழுதிய ஆளுக்கு, அவர் குறித்த நாள்களுக்கு மட்டுமே உரியது. திறந்து நான்கு வாரம் கடந்த புட்டியை எறிந்துவிடுங்கள். அடுத்த வீட்டாருக்குக் கொடுப்பது உதவியாகாது. மருந்து பெறும்போது மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: “இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா? எத்தனை நாள் விட வேண்டும்? மீண்டும் எப்போது வர வேண்டும்?” ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தால் அதையும் மறவாமல் சொல்லுங்கள்.

கண்ணுக்கு மருந்து எழுதும் உரிமையை மேல்நாடுகள் பல மணி நேரக் கல்விக்கும் பயிற்சிக்கும் தேர்வுக்கும் பின்னரே வழங்குகின்றன. அத்தனை கவனத்தோடு காக்கப்படும் ஓர் உரிமையை, பெயர் அழிந்துபோன ஒரு பழைய புட்டியின் கையில் நாம் ஒப்படைக்கலாகாது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று நம்மவர் சொல்வது இதற்கும் பொருந்தும். கண்ணில் கோளாறு தோன்றும் நாளிலேயே உரியவரிடம் செல்வோமாக.